வெள்ளவத்தை மண்டபத்தில் நாற்பத்தோராம் பக்கம்

புத்தக வெளியீட்டுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிறேன் என்றால் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். கலியாணத்துக்குப் போகலாம், விசாவுக்குப் போகலாம், கண் ஒப்பரேஷனுக்கும் போகலாம்; ஒரு மெல்லிய புத்தகத்துக்காக நானூறு கிலோமீற்றரா என்பது என் கணவரின் கேள்வி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த விழாவுக்குப் போய்வந்த பிறகு அவர் அப்படிக் கேட்பதில்லை. அந்த விழாவைப் பற்றியும், அங்கே போக நினைப்பவர்களுக்கு உதவும் பயண விவரங்களையும் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு சிறு பதிப்பகம் இருக்கிறது. அதை நடத்துபவர் தவராசா அண்ணை. அலுவலகம் என்று சொல்ல அவருடைய வீட்டு முன்னறையும் ஒரு அலுமாரியும்தான். வருடத்துக்கு மூன்று புத்தகம் போடுவார், முதல் நூல் எழுதியவர்களில் ஒருவருக்கு விருதும் கொடுப்பார். இந்த முறை விருது கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த வசந்திக்கு, அவளுடைய சிறுகதைத் தொகுப்புக்காக. புத்தகம் அச்சானதும் கொட்டாஞ்சேனையில்தான். விழா மட்டும் வெள்ளவத்தையில். அண்ணை எனக்கு ஃபோன் எடுத்து, வரும் வழியில் அச்சகத்தில் புத்தகத்தையும் வசந்தியையும் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார். கொட்டாஞ்சேனை வெள்ளவத்தைக்கு வழியில் இல்லை, நகரத்தின் மறு கரையில் இருக்கிறது. அண்ணைக்குக் கொழும்பு முழுக்க ஒரே வழி.

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு புறப்படும் தனியார் பஸ்கள் வெள்ளவத்தை வரைக்கும் வரும். எனக்கு 2,700 ரூபா ஆனது. விடிய ஐந்தே முக்காலுக்கு காலி வீதியில் இறக்கிவிட்டார்கள். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஃபான் போட்ட தனி அறை 4,500. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அறை எடுக்காதீர்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் கட்டில் ஆடும், எனக்கு ஆடியது. காலைச் சாப்பாடு இடியப்பமும் சொதியும் சம்பலும், 380 ரூபா. சொதியில் தேங்காய்ப்பாலை விடத் தண்ணீர் அதிகம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கொட்டாஞ்சேனைக்கு 155ஆம் இலக்க பஸ். மட்டக்குளி என்று பலகை போட்டிருக்கும். எண்பது ரூபா ரிக்கற். பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. ஓட்டோவில் போனால் இதைவிடச் சீக்கிரம் போகலாம், ஆனால் சாரதிகள் பாரம் இல்லாத பெண் பயணியிடம் கேட்கும் விலையைக் கேட்டால் நடந்தே போகலாம்போல் இருக்கும்.

அச்சகத்தில் ஐம்பது ஐம்பதாக ஆறு கட்டுகள் மண்ணிறத் தாளில் சுற்றி வைத்திருந்தார்கள். பசை முழுதாகக் காயவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம் என்று சொல்லித்தான் தந்தார்கள். மாதிரிக்கென்று வெளியே எடுத்த ஒரு பிரதியை வசந்தியின் கையில் கொடுத்தார்கள். அவள் அதைத் திறக்காமல் கைப்பைக்குள் வைத்தாள். முதல் புத்தகம் எழுதினவர்கள் அதை மோந்து பார்ப்பதையும் கன்னத்தில் வைப்பதையும் பார்த்திருக்கிறேன். இவள் மருந்துச் சிட்டை மாதிரி பைக்குள் போட்டுக்கொள்கிறாளே என்று எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. வசந்திக்கு வயது முப்பத்தாறு இருக்கும். இப்போது ஒரு ஃபார்மசியில் காசாளர், அதற்கு முன் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் தையல் மெஷினில் இருந்தவள்.

ஓட்டோவுக்கு 1,800 கேட்டு 1,500க்கு இறங்கினார் சாரதி. மாளிகாவத்தைக்காரர், ஐம்பது வயதுக்கு மேல். கட்டுகளைத் தூக்கி வைத்துவிட்டு, புத்தகமா, டைல்ஸ் என்று நினைத்தேன் என்றார். மருதானையைத் தாண்டினோம். வசந்தி பைக்குள்ளிருந்த புத்தகத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, இதுல ஒரு கத இருக்கு. வெளிய விட முந்தி ஒருத்திக்கு வாசிச்சுக் காட்டணும். அவளப் பத்தின கத. அவளுக்கு இன்னும் தெரியாது."

அந்த ஒருத்தி றெஜினா, மட்டக்குளியைச் சேர்ந்தவள், தொழிற்சாலையில் வசந்திக்கு அடுத்த மெஷினில் இருந்தவள். மகளின் புதுநன்மைக்கு, கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் நாளுக்கு, வெள்ளைச் சட்டை தைக்கக் காசில்லாமல், குப்பைக்குப் போகும் வெட்டுத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி ஒரு சட்டை தைத்திருக்கிறாள். வேலை முடிந்து போகும்போது வாசலில் பை சோதித்தார்கள். சட்டை வெளியே வந்தது. எல்லோரும் பார்க்க அவளை நிறுத்தி வைத்து, அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார்கள். வீட்டில் தானாகவே விலகியதாகச் சொல்லியிருக்கிறாள். இதைத்தான் வசந்தி கதையாக்கி, பெயரை மட்டும் பிலோமினா என்று மாற்றியிருக்கிறாள். கூட வேலை செய்தவர்கள் வாசித்தால் பிலோமினா யார் என்று கேட்கவே மாட்டார்கள்.

புத்தகத்தை அவளிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லலாமே என்றேன். றெஜினா வீட்டில் தமிழ்தான் கதைப்பாள், ஆனால் படித்தது சிங்கள மொழியில். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. யாராவது வாசித்துச் சொன்னால்தான் உண்டு. மூன்று தரம் அவளுடைய வீட்டுக்குப் போய், மூன்று தரமும் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள் வசந்தி. விழாவுக்கு வா என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். றெஜினாவும் வருகிறாள்.

சாரதி கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "என்ட பொஞ்சாதியும் சிங்களத்துலதான் மிஸ் படிச்ச. தமிழ் பேப்பர் குடுத்தா படம் பாப்பா," என்றார். கொஞ்ச தூரம் போனபின் மெதுவாகச் சொன்னார்: "எழுதக்குள்ளயே கேட்டிருக்கணும் மிஸ். இப்ப கேட்டு என்ன செய்ற?"

வசந்தி வெளியே பார்த்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் இரக்கத்தை விடக் கோபம்தான் கூட வந்தது. முந்நூறு பிரதி அடித்து, கட்டிக்கொண்டு, மண்டபத்துக்குப் போகும் வழியிலா இதை யோசிப்பது? ஆனால் திட்டுவதற்கு அது நேரம் இல்லை. விழா தொடங்க முன்னர் றெஜினாவைத் தனியே கூட்டிப்போய் வாசித்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

மண்டபம் காலி வீதிக்குப் பக்கத்தில், இரண்டாம் மாடியில். எங்கள் வெளியீட்டு விழாக்களைத் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். புத்தகம் மேசையில் குவிந்திருக்கும், மேலே பட்டுத்துணி மூடியிருக்கும். முதற்பிரதியை ஒரு பிரமுகர் மேடையில் பெற்றுக்கொள்ளும் வரைக்கும் ஒருவரும் அதைத் தொடக்கூடாது. அதற்குப் பிறகு சிறப்புப் பிரதி பெறுபவர்களைப் பெயர் கூப்பிட்டு மேடைக்கு அழைப்பார்கள். கடைசியில் ஐந்து நிமிடம் மிஞ்சினால் எழுதினவர் ஏற்புரை சொல்லலாம். மாப்பிள்ளை பொம்பிளையைத் தவிர மற்ற எல்லோரும் பேசும் கலியாணம் இது.

அழைப்பிதழில் நான்கு மணி. றெஜினா நாலே முக்காலுக்குத்தான் வந்தாள், பழைய தோழிகள் இரண்டு பேரோடு. அப்போது மங்கல விளக்கு ஏற்றியாகிவிட்டது, வசந்தி மேடையில் உட்கார்ந்தாகிவிட்டது. றெஜினாவுக்கு நீலச் சேலை, தலையில் பூ, மூன்றாம் வரிசையில் ஓரக் கதிரை. மேடையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். வசந்தியும் ஆட்டினாள். நான் போய்ப் பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுத்தேன். றெஜினாவுக்கு ஒருகொடவத்தையில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலையாம், எட்டு மணிக்கு நிற்க வேண்டும், ஆறரை பஸ்ஸைப் பிடித்தால்தான் சரி என்றாள். ஆறரைக்குள் வாசித்தாக வேண்டும்.

முதற்பிரதி பெற வேண்டியவர் செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி. அவரைக் காணவில்லை. கொட்டாஞ்சேனையில் இன்னொரு விழாவில் இன்னொரு முதற்பிரதி வாங்கிக்கொண்டிருக்கிறாராம். அவர் வரும்வரைக்கும் தலைமையுரையை நீட்டச் சொன்னார்கள். தலைவரோ நீட்டச் சொல்லாமலே நீட்டுகிற மனிதர்.

தலைமையுரையின் நடுவில் வசந்தி மேடையை விட்டு இறங்கித் தவராசா அண்ணையிடம் வந்தாள். நானும் போனேன். றெஜினா முதலில் தன் வாயாலேயே கேட்கட்டும் என்று, ஒரேயொரு கதையை, ஒரு பக்கத்தை, இப்போதே மேடையில் வாசிக்கவிடச் சொல்லிக் கேட்டாள்.

"முதற்பிரதி குடுக்காமல் புத்தகத்தைத் திறக்கிறது முறையில்லைப் பிள்ளை," என்றார் அண்ணை. "அவர் வந்துகொண்டிருக்கிறார். கொஞ்சம் பொறு."

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. விருது கொடுக்கும் மனிதரிடம், விருது கொடுக்கும் நாளில், எப்படிச் சொல்வாள்? மேடைக்கே திரும்பிப் போய் இருந்தாள்.

அடுத்தது நயவுரை. பேச வந்தவர் ஓய்வுபெற்ற விரிவுரையாளர். நூலை முன்கூட்டியே வாசித்தவர், அதுதான் பிரச்சினை. எங்கள் நயவுரைகளில் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லிவிட்டுத்தான், அவசியம் வாங்கி வாசியுங்கள் என்பார்கள். அவர் முதலாவது கதையைச் சொன்னார். இரண்டாவதையும் சொன்னார். றெஜினா கன்னத்தில் கையை வைத்து ரசித்துக் கேட்டாள். அவளைப் பற்றியது நான்காவது கதை. தன் வாழ்க்கையை முன்பின் தெரியாத ஒரு மனிதர் ஒலிவாங்கியில் சொல்லி, நூறு பேரோடு சேர்ந்து அவளும் கேட்கப் போகிறாள். வசந்தி மேடையில் குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். நான் ஒரு துண்டில், தயவுசெய்து சுருக்கவும் என்று எழுதி மேடைக்கு அனுப்பினேன். அவர் அதை வாங்கி, வாசிக்காமலே சேட் பையில் போட்டுக்கொண்டு மூன்றாவது கதைக்குப் போனார். அனுபவசாலி.

"இனி நான்காவது கதை," என்றார். "இதுதான் இந்தத் தொகுப்பின் உயிர். ஒரு தொழிற்சாலை வாசல்..."

பின்னால் கதிரைகள் இழுபட்டன. எல்லோரும் எழும்பினார்கள். முதலாளி வந்துவிட்டார்.

பிரமுகர்கள் பிந்தி வந்து விழாவைக் குழப்புவதைப் பற்றி இதே வலைப்பூவில் நான் இரண்டு தரம் திட்டி எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அந்த மனிதரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. நயவுரை அப்படியே நின்றது. பொன்னாடை, கைதட்டல், தங்கத்தாளில் சுற்றிய முதற்பிரதி, படம். பிறகு சிறப்புப் பிரதிகளுக்குப் பெயர் கூப்பிடத் தொடங்கினார்கள், இருபது பேருக்கு மேல். கால் மணி நேரமாவது ஆகும். வசந்தி மேடையின் பின்திரையை விலக்கிக்கொண்டு போவதைக் கண்டேன். நான் றெஜினாவைத் தொட்டு, வசந்தி கூப்பிடுகிறாள் என்றேன்.

மாடிப்படித் திருப்பத்தில், சிற்றுண்டிக்கு வந்த பற்றிஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றோம். வசந்தி கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, "இது உன்னப் பத்தின கத. கேட்டுட்டுச் சொல்லு," என்றாள். வேறு ஒரு முன்னுரையும் இல்லை. வாசிக்கத் தொடங்கினாள்.

மேலே பெயர்கள் ஒலித்துக்கொண்டிருந்தன. வெள்ளைத் துண்டுகளை ஒட்டிய இடத்தில் லேஸ் வைத்து மறைத்தது வந்தபோது றெஜினா இலேசாகச் சிரித்தாள். வாசல் வந்ததும் சிரிப்பு நின்றது. பையைத் தலைகீழாகக் கொட்டியது, காவலாளி சட்டையைக் கையில் தூக்கிப் பிடித்தது, வரிசையில் நின்றவர்கள் பார்த்தது. அவளுடைய முகத்தில் ஒன்றையும் என்னால் பிடிக்க முடியவில்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் பிலோமினா முந்தானையால் முகத்தை மூடி அழுகிறாள், அழுதுகொண்டே வீடு போகிறாள். அதோடு கதை முடிகிறது. வசந்தி புத்தகத்தை மூடினாள்.

"நான் அழல," என்றாள் றெஜினா.

வசந்தி திரும்பவும் அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

"சட்டயப் பத்தி எழுதினது சரி. அது நான் தச்ச சட்ட, குப்பத் துணிதான், களவு இல்ல. அத எங்க வேணாலும் சொல்லு. ஆனா நான் அழல வசந்தி. அவன் பேக்கக் கொட்டினப்ப நான் அவன் மூஞ்சியத்தான் பாத்துட்டு நின்னேன். எனக்குப் பின்னுக்கு நின்னு அழுதது நீ."

 தனக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது என்றாள் வசந்தி, மிகவும் சின்னக் குரலில். பொய் சொல்கிறாள் என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கண்ணீர் யாருடையது என்பது அவளுக்கே பத்து வருடத்தில் மாறிப்போயிருந்தது.

"மகளத் தமிழ் மீடியத்துலதான் போட்டிருக்கேன்," என்றாள் றெஜினா. "அவ இத வாசிப்பா. அம்மா அழுதுட்டே வீட்டுக்கு வந்தானு அவ வாசிக்கக் கூடாது. அத வெட்டு."

மேலே முந்நூறு பிரதி, அதில் இருபது ஏற்கெனவே மேடையில் கைமாறிக்கொண்டிருக்கிறது. வசந்தி என்னிடம் பேனா கேட்டாள். பற்றிஸ் பெட்டிமேல் புத்தகத்தை வைத்துக் கடைசி மூன்று வரியை நீலக் கோடால் வெட்டி, ஓரத்தில் எழுதி, எழுதியதை வாசித்தும் காட்டினாள்: அவள் அழவில்லை. பின்னால் நின்ற நான்தான் அழுதேன். றெஜினா பேனாவை வாங்கி, அதற்குப் பக்கத்தில் தன் பெயரைச் சிங்கள எழுத்தில் எழுதினாள். புத்தகத்தைத் தன் பைக்குள் வைத்தாள். மகளுக்கு என்றாள். மணி ஆறு இருபத்தைந்து. தோழிகளையும் கூப்பிட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, கோபம் என்றும் சொல்லவில்லை.

நாங்கள் உள்ளே போனபோது விரிவுரையாளர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் வாசலில் வடிக்கும் கண்ணீர்தான் இந்த நூலின் சிகரம், அந்த ஒரு துளிக்கே விருது கொடுக்கலாம் என்றார். சபை கை தட்டியது. மூன்றாம் வரிசையில் மூன்று கதிரை காலி. விருதுக் கேடயத்தை வாங்கும்போது வசந்தியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. வாங்கிக்கொண்டு பேசாமல் இறங்கிவிடுவாள் என்றே நினைத்தேன்.

ஏற்புரைக்கு நேரம் இல்லை, இரண்டு நிமிடம் என்றார்கள். ஏழரைக்கு லைற் நிற்பாட்டுவேன் என்று மண்டபக் காவலர் வாசலில் நின்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். வசந்தி நன்றி சொல்லவில்லை. மேசையிலிருந்து ஒரு பிரதியை எடுத்து நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து, திருத்தியபடி வாசித்தாள். பிறகு சொன்னாள்: "ஐயா பாராட்டின கண்ணீர் என்னோடது. அவ அழல. நான் பிழையா எழுதிட்டேன். வாங்கின ஆக்கள் போக முந்தி புத்தகத்தத் தாங்க, வெட்டித் தாறேன்."

கை தட்டுவதா வேண்டாமா என்று சபைக்குத் தெரியவில்லை. விரிவுரையாளர் என்னிடம், படைப்பு என்று பார்த்தால் அழுகைதான் பொருத்தம் என்றார். இருக்கலாம், அவருடைய அம்மாவைப் பற்றிய கதை இல்லையே என்றேன். அண்ணைக்குத்தான் நெஞ்சு வெடித்தது. புதுப் புத்தகத்தில் பேனாவா, பள்ளிக்கூடக் கொப்பியா இது என்று புலம்பினார். நான் படியில் நடந்ததைச் சொன்னேன்.  அவர் பட்டுத்துணியை மடித்து வைத்துவிட்டு, சேட் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, "எத்தினையாம் பக்கம்?" என்று கேட்டார். லைற் நிற்கும்வரைக்கும் நான் பக்கத்தைத் திறந்து கொடுக்க, அண்ணையும் வசந்தியும் வெட்டினார்கள். மிச்சத்தை அடுத்த நாள் கொட்டாஞ்சேனையில் வசந்தி வீட்டில் இருந்து முடித்தோம்.

இனிப் போக நினைப்பவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை விழா என்றால் சனி இரவே புறப்படுங்கள். நாலு மணி என்றால் நாலரைக்குப் போனாலும் விளக்கேற்றலைத் தவறவிட மாட்டீர்கள். திரும்பும் பஸ்ஸுக்கு வெள்ளவத்தையிலேயே முன்பதிவு செய்யுங்கள், கடைசி நேரத்தில் பின் இருக்கைதான் கிடைக்கும். புத்தகம் ஏற்றினால் ஓட்டோவுக்கு 1,500க்கு மேல் கொடுக்காதீர்கள், ஆனால் சாரதி சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

இங்கே எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். எழுதியதை முழுவதும் ஃபோனில் றெஜினாவுக்கு வாசித்துக் காட்டினேன். சேலை பச்சை என்று எழுதியிருந்தேன், நீலம் என்றாள், திருத்திவிட்டேன். வசந்தியோடு பேசினாயா என்று கேட்டேன். மகள் வாசித்துவிட்டாள், வரும் ஞாயிறு வசந்தியைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன் என்றாள்.

புத்தகம் இப்போது வெள்ளவத்தைக் கடைகளிலும் யாழ்ப்பாணத்திலும் கிடைக்கிறது. நாற்பத்தோராம் பக்கத்தில் மூன்று வரி பேனாவால் வெட்டியிருக்கும். பழுதான பிரதி என்று மாற்றித் தரக் கேட்காதீர்கள். எங்களுக்குத் தெரிந்து வெட்டாத பிரதி ஒன்றுதான், அது முதலாளி வீட்டில் தங்கத்தாளுக்குள் இருக்கிறது. அவர் ஒன்றையும் பிரிப்பதில்லை என்று அவரே சொன்னதால் விட்டுவிட்டோம். தவறிப்போய் வேறு ஏதாவது வெட்டாத பிரதி உங்கள் கைக்கு வந்தால், ஒரு பேனா எடுத்து நீங்களே வெட்டிவிடுங்கள். அவள் அழவில்லை.